மத்தியான ஸ்டார்ட்

கிள்ளான் வட்டாரத்தில் பழைய டிராக்டர் வாங்கப் போகிறவரை, விற்பவர் ஏமாற்றுவதற்கு முன்பே நம் ஊர் வெயில் ஏமாற்றிவிடுகிறது. ஐம்பது வயதான டீசல் எஞ்சின், ரிங் தேய்ந்து, வால்வு சரியாக மூடாமல் கிடந்தாலும், சாவியைத் திருப்பியதும் படபடவென்று கிளம்பிவிடும். வாங்க வந்தவர் முகம் மலரும். "ஒரே தட்டில் ஸ்டார்ட், பார்த்தீர்களா?" என்று விற்பவரும் நெஞ்சை நிமிர்த்துவார். அதே எஞ்சினை இங்கிலாந்தின் ஜனவரி மாதக் காலையில் நிறுத்தினால், பேட்டரி தீரும்வரை இருமிவிட்டு அடங்கிப்போகும். குளிர்நாட்டுக்காரருக்குப் பனி இலவசமாகச் செய்துகொடுக்கும் பரிசோதனை நமக்குக் கிடையாது. இங்கே வேறு சோதனை வேண்டும். அது எது என்று புரிய, டீசல் எஞ்சினில் தீ எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி தட்டும். டீசலில் பொறியே இல்லை. வேகமாக அழுத்தப்பட்ட காற்று சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றும். மலாய்த் தீவுகளின் மக்கள் இந்த வித்தையை டீசல் எஞ்சினுக்கு முன்பே கையில் வைத்திருந்தார்கள். மலாயில் அதற்கு 'கோபெக் அப்பி' என்று பெயர். ஒரு முனை அடைத்த கொம்புக் குழாய் அல்லது மரக்குழாய். அதற்குள் கச்சிதமாக இறங்கும் ஒரு தண்டு. காற்று கசியாமலிருக்கத் தண்டின் நுனியில் நூல் சுற்றிக் கொழுப்புத் தடவியிருக்கும். அதன் அடியில் சிறு குழியில் பஞ்சு. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி, சட்டென்று இழுத்தால் பஞ்சு கனன்றுகொண்டிருக்கும். மியூனிக்கில் ருடால்ஃப் டீசலுக்குப் பாடம் நடத்திய கார்ல் ஃபொன் லிண்டே பினாங்கிலிருந்து கொண்டுவந்த இப்படியொரு கருவியை வகுப்பில் இயக்கிக் காட்டினார் என்றும், டீசலுக்கு யோசனை அங்கேதான் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ, பின்னால் ஒட்ட வைத்ததோ, இயற்பியல் ஒன்றுதான். அந்த நூல் சுற்றும் கொழுப்பும் செய்த வேலையைத்தான் இன்று பிஸ்டன் ரிங்கும் எஞ்சின் எண்ணெயும் செய்கின்றன. நூல் தளர்ந்தால் பஞ்சு பற்றாது.

இனி இரும்புக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் பழைய டிராக்டர் என்றதும் பலர் நினைவுக்கு வருவது சிவப்பு மெஸ்ஸி ஃபெர்குசன். அதிலும் 135. 1964 இறுதியில் இங்கிலாந்தின் கோவெண்ட்ரி பேனர் லேன் ஆலையில் தயாராகத் தொடங்கிய வண்டி. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் பெர்கின்ஸ் நிறுவனத்துடையது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாகிவிட்டன. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது, பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது, நார்த் ஹம்மோக் செத்தியா ஆலாம் ஆனது. ஆனால் காப்பார், ஜெஞ்ஜாரோம், பந்திங் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு பந்திங்கில் அப்பா விட்டுப்போன நான்கைந்து ஏக்கர் செம்பனையைப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். அறுத்த குலை நேரத்தோடு ஆலைக்குப் போகவேண்டும். அடிபட்ட பழத்தில் லைபேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக்கத் தொடங்கிவிடும். தாமதம் ஏற ஏறத் தரம் இறங்கும். அந்த நாளில் பார்த்து டிராக்டர் படுத்துக்கொண்டால் நட்டம் டிராக்டருடையது மட்டுமில்லை.

இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் விட்டம் 91.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 127 மில்லிமீட்டர். அழுத்த விகிதம் 18.5. அதாவது ஏறத்தாழ 880 கன சென்டிமீட்டர் காற்றைப் பிஸ்டன் 48 கன சென்டிமீட்டருக்குள் திணிக்கிறது. காற்று துளியும் கசியாமல், சூடு சுவருக்குப் போகாமல் இருந்தால், 30 டிகிரியில் உள்ளே வந்த காற்று 700 டிகிரியைத் தொடும். நடைமுறையில் சூட்டில் ஒரு பங்கைச் சிலிண்டர் சுவர் வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் காற்று ரிங் இடுக்கில் நழுவும். 500, 550 டிகிரி மிஞ்சினாலே நல்ல எஞ்சின். டீசல் தானே பற்றிக்கொள்ள ஆய்வகத்தில் 210 முதல் 250 டிகிரி போதும். எஞ்சினுக்குள் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகப் பற்றியாக வேண்டுமே, அதற்கு இன்னும் நிறைய வேண்டும்.

இதே கணக்கை 0 டிகிரிக் காற்றுக்குப் போட்டால் 700க்குப் பதில் சுமார் 600தான் வருகிறது. வெளியே 30 டிகிரி வித்தியாசம், உள்ளே அழுத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல் பெருகி ஏறத்தாழ 100 டிகிரி ஆகிவிடுகிறது. கிள்ளானில் நிற்கும் எஞ்சினுக்கு அந்த 100 டிகிரி தர்மத்துக்குக் கிடைக்கிறது. போதாததற்கு, எண்ணெய் இங்கே இளகியே இருக்கும், பேட்டரி விறைக்காது, ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றும். சுற்றும் வேகம் ஏன் முக்கியம்? நிமிடத்துக்கு 200 சுற்றில் பிஸ்டன் கீழிருந்து மேலே வர 0.15 நொடி ஆகும். 2,000 சுற்றில் அதில் பத்தில் ஒரு பங்கு. மெதுவாகச் சுற்றும்போதுதான் தேய்ந்த ரிங் வழியாகக் காற்று நழுவ நேரம் கிடைக்கிறது. ஓடத் தொடங்கிவிட்டால் கிழட்டு எஞ்சினும் ஓரளவுக்கு ஓடும். ஆகவே ஸ்டார்ட் ஆகும் அந்த நொடிதான் தேர்வு. அந்தத் தேர்வில் நம் வெயில் எல்லாருக்கும் விடைத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது.

ஜெஞ்ஜாரோம் பக்கம் ஒரு 135ஐப் பார்க்கப் போனபோது கூட வந்த போமன் (மெக்கானிக்) அண்ணன் சாவியைத் தொடவே இல்லை. முதலில் எஞ்சின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். "தம்பி, கை வெச்சுப் பாரு. நிழல்ல நிக்கிற வண்டி இவ்ளோ சூடா இருக்குமா?" நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. "பரவால்ல, தே குடிச்சிட்டு வரோம், ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு ஒட்டுக்கடைக்கு நடந்தார். திரும்பி வந்து ஆறிய எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, புகையைப் பார்த்தார். கிளம்பி வெகுநேரம் ஆகியும் வெள்ளைப் புகை கண்ணைக் கரித்தால் டீசல் எரியாமல் ஆவியாகிப் போகிறது, சூடு போதவில்லை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. சுமை ஏற்றியதும் கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் மிகுதி.

பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஓடும் எஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தார். மூடி மெல்ல அசைந்தால் பரவாயில்லை. குதித்துத் தள்ளிப் போனால், எரியும் வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி மேலே வருகிறது. வெயிலால் மறைக்க முடியாத சாட்சி இது. வெளிக்காற்று 0 டிகிரியோ 30 டிகிரியோ, கசிவு கசிவுதான். அடுத்தது, நோசலுக்கு டீசல் கொண்டுபோகும் இரும்புக் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது. ஒரு சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் எஞ்சின் சத்தம் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருக்கிறது என்று பொருள். இதைச் செய்பவர் நட்டைத் துணியால் மூடிக்கொண்டு முகத்தைத் தள்ளி வைக்கவேண்டும். நோசல் திறக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 150 மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் வரும் டீசல் ஊசியே இல்லாமல் தோலுக்குள் இறங்கிவிடும், கை போய்விடும்.

இதுவரை சொன்னது எஞ்சினின் உடம்பு. இதயம் பக்கத்தில் தொங்கும் டீசல் பம்ப். பெரும்பாலான 135களில் சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. வகைச் சுழல் பம்ப் இருக்கும். முழுச் சுமையில் இந்த எஞ்சின் மணிக்கு 10 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2,250 சுற்றில், மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் 2,02,500 முறை பீய்ச்ச வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 0.05 மில்லிலிட்டர், ஒரே ஒரு சொட்டு. சுமையில்லாமல் ஓடும்போது அந்தச் சொட்டிலும் சிறு பங்குதான். இவ்வளவு நுணுக்கமாக அளக்க, பம்ப்புக்குள் சுழலும் தண்டுக்கும் அதைச் சுற்றிய உருளைக்கும் நடுவே ஓரிரு மைக்ரான் இடைவெளிதான் விட்டிருக்கிறார்கள். அதில் ரப்பர் வளையம் எதுவும் கிடையாது. டீசலின் வழவழப்பே உயவெண்ணெய், டீசலின் பிசுபிசுப்பே அடைப்பு.

நம் ஊருக்கான சோதனை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடுக்கில் கசியும் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப உயரும்: இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. டீசலின் பிசுபிசுப்பு குறைந்தால் கசிவு இன்னும் ஏறும். 30 டிகிரியில் இருந்த பிசுபிசுப்பில் பாதிகூட 80 டிகிரியில் இருக்காது. ஆகத் தேய்ந்த பம்ப், காலையில் டீசல் கெட்டியாக இருக்கும்போது சமாளித்துக்கொள்ளும். வெயிலில் இரண்டு மணி நேரம் டிரெய்லர் இழுத்துச் சூடேறிய பிறகு நிறுத்தினால், மறுபடி கிளம்பாது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது பம்ப்பும் மெதுவாகச் சுற்றுகிறது; அந்த வேகத்தில் பம்ப் தள்ளும் டீசலில் பெரும்பகுதி உள்ளுக்குள்ளேயே நழுவி, நோசலைத் திறக்க அழுத்தம் எட்டுவதில்லை. சாயங்காலம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். பம்ப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்தால் கிளம்புகிறதா? அப்படியென்றால் நோய் அங்கேதான். (சிலர் வாளித் தண்ணீரையே ஊற்றுவார்கள். வெளிக்கூடு சட்டென்று சுருங்கி உள்தண்டைப் பிடித்துக்கொண்டால் பம்ப் அதோடு முடிந்தது.)

காலை ஸ்டார்ட்டைப் பார்த்து வண்டி வாங்குவது குளிர்நாட்டுப் புத்தி. நாம் பார்க்கவேண்டியது மத்தியான ஸ்டார்ட். விற்பவரிடம் கேட்டு, சுமை கட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, கால் மணி நேரம் பொறுத்து, அதற்கப்புறம் சாவியைத் திருப்புங்கள். சூட்டில் எண்ணெய் அழுத்தமானி எங்கே நிற்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் விலை பேச ஒன்றுமில்லை.

சூடு மறைப்பதை ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். டீசல் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். தண்ணீர் கீழே தங்கும். அதற்கும் டீசலுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் சளி போல ஒரு படலம் தெரிந்தால், டாங்கிக்குள் ஒரு குடித்தனமே நடக்கிறது. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சைக்கு டீசல்தான் சோறு, அடியில் தேங்கிய தண்ணீர்தான் வீடு. பாதி டாங்கியோடு நிற்கும் டிராக்டரில் பகல் சூட்டில் காற்று விரியும், இரவில் சுருங்கி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் டாங்கிச் சுவரில் வியர்த்து அடியில் சேரும். கடலோரமான கேரித் தீவிலும் காப்பாரிலும் வருடம் முழுக்க இது நடக்கிறது.

நம் டீசலில் செம்பனையும் கலந்திருக்கிறது. மலேசியாவில் இதற்கான ஆய்வு 1982இலேயே தொடங்கிவிட்டது. 2019இலிருந்து வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை மெத்தில் எஸ்டர். பழைய பம்ப்புக்கு இதில் ஒரு நன்மை உண்டு. இன்றைய டீசலில் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும்போது அதன் இயற்கை வழவழப்பும் போய்விடுகிறது. செம்பனை எஸ்டர் அந்த வழவழப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. கெடுதலும் உண்டு. சாதாரண டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பல வருடமாக டாங்கியில் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்து வடிகட்டியை அடைக்கும். இயற்கை ரப்பரையும் பழைய வகை நைட்ரைல் ரப்பரையும் ஊதி நெகிழ வைக்கும். தோட்டத்தில் ரப்பரைத் துரத்திய செம்பனை, டீசல் குழாய்க்குள்ளும் அதே வேலையைத்தான் செய்கிறது. வாங்கிய கையோடு டாங்கியைக் கழற்றிக் கழுவி, ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் ஓரிங்குகளையும் எஸ்டரைத் தாங்கும் ஃப்ளூரோரப்பர் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. சி.ஏ.வி. 296 வடிகட்டி சல்லிசு. முதல் சில மாதம் இரண்டு மூன்று கைவசம் இருக்கட்டும்.

வடிகட்டியை மாற்றியதும் டீசல் குழாயில் காற்றுப் பிடித்துக்கொள்ளும். காற்று அழுத்தினால் சுருங்கும், டீசல் சுருங்காது. நடுவே ஒரு குமிழி இருந்தால் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தை எல்லாம் குமிழி விழுங்கிவிடும். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் சின்ன லிஃப்ட் பம்ப்பின் நெம்புகோலைக் கையால் அடித்து, வடிகட்டி, பம்ப், நோசல் நட்டு என்ற வரிசையில் நுரை நிற்கும்வரை வெளியேற்ற வேண்டும். நெம்புகோல் தளதளவென்று ஆடுகிறதே, பம்ப் போய்விட்டது என்று புதிது வாங்க ஓடியவர்கள் உண்டு. உள்ளே கேமின் மேடு அதை ஏற்கெனவே அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பினால் நெம்புகோலுக்கு உயிர் வந்துவிடும்.

பின்னால் தூக்கும் கைகள் வேலை செய்யவில்லை என்று யாராவது மலிவாகத் தள்ளினால் பதறவேண்டாம். 135இல் ஹைட்ராலிக் பம்ப் பின்பக்க எண்ணெய்க்குள் மூழ்கியபடி, பின்னால் மாட்டும் கருவிகளுக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டோடு சுற்றுகிறது, பி.டி.ஓ. கைப்பிடியைப் போடாமல் எத்தனை முறை நெம்பினாலும் கை எழும்பாது. கைப்பிடியைப் போட்டும் எழும்பாவிட்டால்தான் விலையைக் குறைக்கக் காரணம். கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயைப் பகிர்வதால், அளவுகோலை உருவிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறம் என்றால் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. கியர் கம்பியின் அடியில் கிழிந்த ரப்பர் உறைதான் பெரும்பாலும் வழி. எண்ணெயை மாற்றினால் போதும் என்று சொல்வார்கள். எத்தனை வருடம் அந்தத் தண்ணீரோடு பேரிங் உருண்டது என்று யாருக்குத் தெரியும்?

என் கணக்கில், எஞ்சின் தேய்ந்த டிராக்டரை வாங்கலாம், கியர்பாக்ஸ் போனதை வாங்கக்கூடாது. காரணம் உதிரிபாகம். இந்த மூன்று சிலிண்டர் குடும்பம் கோவெண்ட்ரியோடு நிற்கவில்லை. 1960இல் சென்னையில் மெஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு டாஃபே தொடங்கியது. அதே குழுமத்தின் சிம்சன் ஆலை பெர்கின்ஸ் வழிவந்த எஞ்சின்களைச் செய்தது. லாகூரில் மில்லத், பெல்கிரேடில் ஐ.எம்.டி. என்று வேறு கிளைகளும் உண்டு. பேனர் லேன் ஆலை 2002இல் மூடப்பட்டும் லைனர், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் இன்றும் புதிதாக வந்துகொண்டிருப்பது இதனால்தான். சிலிண்டரில் மெல்லிய லைனர் தனியாகச் செருகப்பட்டிருப்பதால், தேய்ந்ததை உருவிப் புதியதை இறக்கிக் கடைந்தால் எஞ்சின் புத்துயிர் பெறும். லேத் பட்டறை உள்ள ஊரில் இது நடக்கிற காரியம். ஆனால் கிளட்சைத் தொட வேண்டுமானாலும் டிராக்டரை இரண்டாகப் பிளந்தாக வேண்டும். லோரிக்கு இருப்பது போல் டிராக்டருக்குச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதே அதன் முதுகெலும்பு. எஞ்சினைத் திறந்த கையோடு கிளட்ச் தட்டையும் மாற்றிவிடுகிறவர் புத்திசாலி.

ஜோஹான் செத்தியா போன்ற கரிமண் நிலத்துக்கு இந்த வண்டியே வேண்டாம். இரண்டு சக்கர இழுவை, எடை முழுக்கப் பின்னால். புதைந்தால் இன்னொரு டிராக்டர் வந்துதான் இழுக்கும். களிமண்ணிலும் செம்மண் பாதையிலும் தாராளமாக ஓடும். சாலையில் ஏற்றுவதானால் ஜே.பி.ஜே. கிராண்ட் (பதிவுப் பத்திரம்) இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல தோட்ட வண்டிகள் தோட்டத்தைவிட்டு வெளியே வந்ததே இல்லை. டீசல் செலவும் பழைய கணக்கில்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஒரே தாவலில் போனது; தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் புடி மடானி உதவி அறிவிக்கப்பட்டது. நோசல் ஒழுகிக் கறுப்பாகப் புகைவிடும் எஞ்சின் அந்த 200ஐ மாதத்தின் முதல் வாரத்திலேயே குடித்துவிடும்.

சாயம் கடைசி வேலை. அதற்கு முன்னால், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் உருளல் காப்பு வளைவு. புதிய டிராக்டர்களுக்கு அதை ஸ்வீடன் 1959லேயே கட்டாயமாக்கியது; இங்கே கிடக்கும் பழைய 135 பலவற்றில் இருக்கைக்குப் பின்னால் வெறும் வானம்தான். கால்வாயில் பின்சக்கரம் சிக்கிச் சுற்ற மறுக்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால், எஞ்சினின் திருகுவிசை சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். மூக்கு மேலே எழும்பி வண்டி ஓட்டுபவர்மேல் கவிழ ஒன்று, ஒன்றரை நொடி போதும். காலை மறுபடி கிளட்சில் வைக்க அது பத்தாது. வளைவைப் பழைய தண்ணீர்க் குழாயில் வளைத்து வெல்டிங் செய்யாமல், அந்த மாடலுக்கென்று சோதித்துச் செய்ததை வாங்கிப் பின் அச்சில் போல்ட் போட்டு, கூடவே இருக்கைப் பட்டையும் கட்டுங்கள். புதைந்த லோரியை இழுக்கும்போது சங்கிலியை மேலே உள்ள டாப் லிங்க் கொக்கியில் மாட்டாதீர்கள். அச்சுக்கு மேலே இழுவிசை விழுந்தால் அதுவே வண்டியைப் பின்னால் சாய்க்கும். கீழே தாழ்வாக இருக்கும் டிராபாரில் மாட்டினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.